சீட்டைக் கழற்றிய செம்மலுக்கு

காவலர்களின் காவலரே! கச்சை கட்டுவதில் கைதேர்ந்தவரே! முகத்தைப் பார்க்கும் முன்னே இடுப்பைப் பார்க்கும் எங்கள் மூத்தவரே! துப்பாக்கி உறையின் உயரமும் சாய்வும் உணர்ந்த உத்தமரே! பணி நிறைவு கண்டு, பாரம் இறக்கி, இன்று வெறும் சட்டையோடும் பெல்ட் இல்லாத இடுப்போடும் எங்கள் முன் அமர்ந்திருக்கும் சிறப்பு உதவி ஆய்வாளர் அவர்களே! முதுகுக்குப் பின்னால் உங்களை ‘பெல்ட் ஐயா’ என்று அழைத்தவர்கள் நாங்கள். அது உங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இன்று அதே பெயரைச் சொல்லி, ஒலிபெருக்கி வைத்தே வணங்குகிறோம்.

மாற்றலாகி வரும் எவரிடமும் மற்றவர்கள் எந்த வருடத்துப் பயிற்சி பேட்ச் என்று கேட்பார்கள், பிள்ளைகளைக் கேட்பார்கள். நீங்களோ, “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு” என்பீர்கள். உறை முன்னால் வந்தால் குனியும்போது தொடையில் குத்தும், பின்னால் போனால் முதுகெலும்பை நோண்டும், தாழ்ந்தால் ஓடும்போது தடதடவென்று அடிக்கும், உயர்ந்தால் முழங்கை அக்குளுக்கு ஏறும் என்று தாலாட்டுப் போலப் பாடிக்கொண்டே எத்தனை இடுப்புகளில் உறைக்குச் சரியான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்! பொருத்தி முடித்ததும் தோளில் ஒரு தட்டு தட்டி, “கை போகணும், துப்பாக்கி வரக்கூடாது” என்பீர்கள். இதென்ன விடுகதை என்று நாங்கள் சிரித்தோம். துப்பாக்கி வரக்கூடாதென்றால் எதற்கு ஐயா உறை என்று கேலி பேசினோம். அதன் பொருளை எங்களுக்குப் புரிய வைத்தவர் எங்கள் ஜீப் ஓட்டுநர், ஸ்டியரிங் அக்கா. அந்தக் கதையைச் சொல்லாமல் உங்களை நாங்கள் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை.

ஸ்டியரிங் அக்காவுக்கு ஜீப் என்றால் உயிர். வண்டியைத் துடைப்பதும் அவரே, திட்டுவதும் அவரே, கொஞ்சுவதும் அவரே. அப்படிப்பட்டவர் ஒரு காலத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். வானம் பார்ப்பதாக நாங்கள் நினைத்தோம். உண்மையில் வலது கால் மரத்துப் போயிருந்தது. உட்கார்ந்தால் உறை இடுப்பெலும்பை அழுத்தும், அழுத்தினால் கால் கல்லாகிவிடும், அந்தக் காலில்தான் பிரேக் மிதிக்க வேண்டும். வெளியே தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கி ஒயர்லெஸ் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அக்கா வாயே திறக்கவில்லை. உள் பெல்ட்டோடு வெளி பெல்ட்டைக் கட்டிப் பிடிக்கும் சின்ன வார்களை யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டு, வலிக்கும்போதெல்லாம் உறையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டு காலம் தள்ளினார்.

குட்டு உடைந்தது சுடும் பயிற்சியில். அக்கா துப்பாக்கியை உருவினார். துப்பாக்கி வரவில்லை, உறையும் பெல்ட்டும் சேர்ந்து விலா வரைக்கும் ஏறி வந்தன. மைதானமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கவில்லை. அருகில் போய், குரலைத் தாழ்த்தி, “வார் எங்கம்மா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

“வலிக்குதுண்ணே. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வண்டியை விட்டு எறக்கிட்டாங்கன்னா நான் செத்தே போயிருவேன்.”

“சாகுறதெல்லாம் இருக்கட்டும். நாளைக்குக் காலையில சீக்கிரம் வா.”

மறுநாள் காலை நிலையத்துக்கு வந்தவர்கள் கண்ட காட்சியை எப்படி வர்ணிப்போம்! ஜீப்பின் ஓட்டுநர் சீட்டை நான்கு போல்ட்டும் கழற்றித் தூக்கி வந்து, வரவேற்பறையின் நட்டநடுவே வைத்திருந்தீர்கள். வண்டிக்குள் குனிந்து பார்த்தால் சரியாகத் தெரியவில்லையாம்! வெளிச்சத்தில் அக்காவை அதில் உட்கார வைத்து, எழுப்பி, மறுபடி உட்கார வைத்து, தரையில் முழங்காலிட்டு உறையை விரல் நகம் அளவு நகர்த்தி, சின்ன வார்களை ஒவ்வொன்றாக இறுகப் பூட்டினீர்கள். கை போன இடத்தில் துப்பாக்கியின் பிடி இருந்தது, கட்டைவிரல் பட்ட இடத்தில் உறையைத் திறக்கும் பட்டன் இருந்தது. ஆனால் வலி மட்டும் அங்கேயே இருந்தது. ஸ்பானரும் கையுமாக நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், பக்கத்து வீட்டுக் குழாய்த் தகராறு பற்றிப் புகார் கொடுக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வெகு இயல்பாக அந்தச் சீட்டில் அமர்ந்து சாய்ந்துகொண்டார்.

“இப்பதான் இந்த ஸ்டேஷன்ல உக்கார ஒரு உருப்படியான நாற்காலி போட்டிருக்கீங்க” என்றார். அவரை எழுப்பும் துணிச்சல் ஆய்வாளருக்கே இல்லை.

அப்போது வந்தது அழைப்பு. இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடையில் ஒருவன் கத்தியோடு நிற்கிறானாம். அக்கா ஓடினார், ஜீப் கதவைத் திறந்தார், உள்ளே நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“அண்ணே! சீட்டு!”

செயல் வீரரே! சிந்தையில் சுடரே! அந்தக் கணத்தில் உங்கள் முகம் போன போக்கை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம். கேன்டீன் வாசலில் கிடந்த காலிப் பால் பெட்டியைச் சீட் இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்து, அக்காவை அதில் ஏற்றி, நீங்கள் பின்னால் முழங்காலிட்டுப் பெட்டியை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்ள, ஜீப் பறந்தது. திருப்பத்தில், “விட்டுராதீங்கண்ணே!” என்று அக்கா கத்தியதும், “ரோட்டைப் பாரு தாயே!” என்று நீங்கள் கதறியதும் கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

மருந்துக் கடையில் சிரிப்புக்கு இடமில்லை. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து, “கத்தி வச்சிருக்கான்! கத்தி!” என்று அலறிக்கொண்டிருந்தார். ஒருவன் முதுகைக் காட்டி நின்றான், அவன் வலது கை தோள்பைக்குள் இருந்தது. அக்கா இறங்கிய வேகத்திலேயே கை தானாக இடுப்புக்குப் போயிற்று. உறை நகரவில்லை, வழுக்கவில்லை. நீங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கட்டைவிரல் பட்டனின் மேல் படிந்தது. படிந்த கணத்தில், நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடங்கியதாக அக்கா பிற்பாடு சொன்னார். எடுக்க வேண்டுமென்றால் எடுத்துவிடலாம் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கண்ணால் அவனைப் பார்க்க முடிந்தது. அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

“கையை வெளிய எடுங்க. மெதுவா. ஒண்ணும் பண்ணமாட்டேன்.”

கை வெளியே வந்தது. பளபளவென்று ஒன்று மின்னியது. அக்காவின் விரல் பட்டனை அழுத்தப் பார்த்தது, அழுத்தவில்லை. அது தீர்ந்து போன மாத்திரை அட்டை. வெள்ளிக் காகிதம் கிழிந்த வெறும் அட்டை. வீட்டில் அவன் மனைவிக்கு மூச்சுத் திணறுகிறது, அதே மாத்திரை வேண்டும், டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் தரமாட்டேன் என்கிறார், கோபத்தில் மேசையில் ஓங்கி அடித்திருக்கிறான், மின்னியதைக் கண்டு கடைக்காரர் மிரண்டிருக்கிறார். இவ்வளவுதான் நடந்தது. அந்த அம்மாவை அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள், பால் பெட்டியைப் பிடித்தபடியே! இன்று அவர் நலமாக இருக்கிறார்.

எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் அக்கா சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். “முந்தி மாதிரி இருந்திருந்தா நான் எறங்கும்போதே உருவியிருப்பேண்ணே. வருமோ வராதோன்னு பயத்துலயே மொதல்ல எடுத்திருப்பேன். எடுத்த துப்பாக்கியோட அந்த மினுமினுப்பைப் பாத்திருந்தா...” கை போகணும், துப்பாக்கி வரக்கூடாது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. தேடித் தடவுகிற கைதான் அவசரப்படும். இடம் தெரிந்த கை பொறுத்திருக்கும். அன்று நாங்கள் விட்ட பெருமூச்சு இன்னும் முடிந்தபாடில்லை.

ஆனால் நீங்கள்? ஆறுதல் சொன்னீர்களா? அதுதான் இல்லை! அக்காவை மேலும் கீழும் பார்த்து, “ஆமா, கால் மரத்துச்சா?” என்று கேட்டீர்கள். அக்கா அழுகையை நிறுத்தினார். காலைத் தூக்கிப் பார்த்தார், உதறிப் பார்த்தார்.

“இல்லண்ணே! மரக்கவே இல்ல!”

பால் பெட்டிக்குப் பக்கத் திண்டு கிடையாது! உறையின் அடியை மேலே நெட்டித் தள்ளி இடுப்பை நசுக்கிய பாவி அந்தச் சீட்டின் ஓரத் திண்டுதான் என்று அப்போதல்லவா பிடிபட்டது! திரும்பி வந்து, ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு எழுப்பி, குற்றவாளியான அந்தத் திண்டை அங்கேயே அறுத்துத் தள்ளி, சீட்டை ஜீப்பில் திரும்பப் பூட்டினீர்கள். அன்று ஓடிய ஜீப்பில் சீட் எங்கே போனது என்று மேலிடத்தில் கேட்டதற்கு ஆய்வாளர் என்ன பதில் சொன்னார் என்பதை அவர் முன்னிலையில் வாசிப்பது முறையல்ல. அக்கா அன்று பிடித்த ஸ்டியரிங்கை இன்றுவரை விடவில்லை. அதோ, முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

ஊர் இடுப்பையெல்லாம் நிமிர்த்திய உங்களைப் பற்றி உங்கள் இல்லத்தரசியார் எங்களிடம் சொன்ன புகார் ஒன்று உண்டு. வீட்டு சோபாவில்கூட நீங்கள் நுனியில்தான் உட்காருவீர்களாம். மகள் கல்யாணப் படம் ஒவ்வொன்றிலும் இடுப்பில் குடம் வைத்தவர்போல வலது கையை விலக்கியே நிற்கிறீர்களாம். “இவரு ஒரு நாளாவது சாஞ்சு உக்காந்து நான் பாக்கணும்” என்றார். இன்று காலை துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, காலி உறையின் பட்டனை ஒருமுறை பூட்டி, ஒருமுறை திறந்து, மேசைமேல் வைத்தீர்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரு மனிதரை நோக்கியும் உங்கள் துப்பாக்கி வெளியே வந்ததில்லை. நீங்கள் விட்ட மூச்சு அடுத்த அறை வரை கேட்டது.

ஆகவே, அண்ணலே, அன்புடையீரே! பொன்னாடையோடு இன்னொன்றும் தருகிறோம், திகைக்க வேண்டாம். பழைய ஜீப் ஏலத்துக்குப் போனபோது அந்த ஓட்டுநர் சீட்டை மட்டும் நாங்கள் காப்பாற்றி வைத்தோம். அக்கா தன் கையால் புதுத் துணி தைத்துப் போட்டார், நாங்கள் நான்கு மரக்கால் பூட்டினோம். ஓரத் திண்டு இல்லை, எங்கும் எதுவும் குத்தாது. நோய் நொடி அண்டாமல், முதுகு வலி என்ற சொல்லே மறந்து, பேரப் பிள்ளைகளின் பள்ளிப் பையை மட்டும் சரிசெய்து கொடுத்து, நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் வாழவேண்டும். இப்போதே எழுந்து வந்து, உங்கள் இல்லத்தரசியார் பார்க்க, இதில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். கை இனி எங்கும் போகவேண்டாம். மடியிலேயே கிடக்கட்டும்.

இங்ஙனம்,
நீங்கள் திரும்பச் சொன்னபோதெல்லாம் திரும்பி நின்ற,
நிலையத்தார் அனைவரும்