கார்டு சாகிப் வேர் தோண்ட இறங்கின பாறை

கத்தாதீங்க கார்டு சாகிப், தொண்டை போயிடும். கயிறு பத்திரமா எங்கிட்டதான் இருக்கு. ஆமா, நான்தான் உருவினேன். அந்தத் திட்டுல சாஞ்சு உக்காருங்க, கீழ மட்டும் பாக்காதீங்க. மூட்டையில என்ன, மருந்துக்கு விக்கற கோஷ்ட வேரா? பலே! காவலுக்கு நின்னு காட்டுக்குப் பூட்டு போட்ட ஆளே வேரைத் தோண்டுறாரு.

கயித்தப் போடறேன், போடறேன். ரொட்டியத் தின்னு முடிச்சுக்கறேன். அதுவரைக்கும் ஒரு கதை கேளுங்க.

பட்டணத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்கல்ல, கயித்தால சதுரம் கட்டி, அதுக்குள்ள இருக்கற செடியெல்லாம் எண்ணிக்கிட்டு? மூக்காலயே பேசுவாங்க: இந்தச் செடிய எதுக்குப் பயன்படுத்துறீங்க பாய், எவ்வளவு எடுப்பீங்க பாய்? எந்தக் காட்டால ஜனங்களுக்கு உபயோகம் ஜாஸ்தியோ அங்கதான் ரோடு வரும், ஆஸ்பத்திரி வரும்னு எங்காளுங்களுக்கு நெனப்பு. யாராச்சும் சொன்னாங்களா? ஒருத்தரும் சொல்லல! அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. விட்டாங்க பாருங்க புளுகு! அலிஃப் தீன் மாமா தாடியத் தடவிக்கிட்டே, நாங்க வருஷத்துக்கு நூறு மூட்டை வேர் எடுப்போம் மேடம்ங்கறாரு. ஆயுசுல அவர் எடுத்தது ஒரு பிடி, அதுவும் பல்வலிக்கு. ரேஷம் ஜான் சித்தி விடுவாளா? அந்தக் கீச்சுக் குரல்ல, நூறா? எங்க ஒரு வீட்டுக்கே நூறு! எங்கப்பன் மட்டும் சும்மாவா, எங்க ஆடுங்க இந்தக் காட்டுச் செடியத் தவிர வேற எதையும் மோந்துகூடப் பாக்காதுன்னாரு.

அந்தம்மா தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. ரோடா வந்துச்சு? இவ்ளோ புடுங்கினா செடி அழிஞ்சே போயிடும், மொதல்ல காப்பாத்த வேண்டியது இந்தக் காட்டத்தான்னு முடிவாச்சு. வேலி வந்துச்சு, கதவு வந்துச்சு, சாவியத் தூக்கிக்கிட்டு நீங்க வந்தீங்க. சிரிப்பு வரலயா? எனக்கு வருதே!

என்னது, வேர்ல பாதி தர்றீங்களா? மூட்டைய விட்டுட்டுப் பாறைய நல்லாப் புடிச்சுக்குங்க.

எங்கண்ணன் மக்கனத் தெரியும்ல? போன வருஷம் பனி கொட்டுனப்ப ஆடுங்களோட உங்க கதவுகிட்ட வந்து நின்னானே. காட்டு வழியா எறங்கினா பொழுது சாயறதுக்குள்ள வீடு. நீங்க உள்ள நெருப்புக் காஞ்சுக்கிட்டு என்ன சொன்னீங்க? இருங்க, உங்க குரல்லயே சொல்றேன்: சட்டம்னா சட்டம்தான்டா, ம்ஹ்ம், பனி பேயுதுன்னு அது வளையாது, சுத்திப் போ. சரியா வருதா? அந்த மூக்குறிஞ்சல்கூட? சுத்தித்தான் போனான். சரிஞ்சு வந்த பனி, இது ஆடு இது ஆளுன்னு பாக்கல. பனி உருகினப்புறம் எடுத்தோம். ஒரு குட்டியக் கக்கத்துல வெச்சுக்கிட்டே கெடந்தான்.

அட, அழாதீங்க சாகிப். அழுதா வழுக்கும்.

யாராச்சும் தேடி வருவாங்கன்னா பாக்கறீங்க? அதையும் யோசிச்சேன். கயித்த உருவின கையோட முனைக்குப் போயி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உங்க வீட்டப் பாத்து, வாயில கை குவிச்சு ஒரு கூப்பாடு போட்டேன், இங்க எல்லாரும் போடற மாதிரிதான். ஓடைச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. மேல் சாவடிக்குப் போறேன், வர ஒரு வாரம் ஆகும், ஆள் அனுப்பாதேன்னு சொன்னேன். உங்க குரல்லதான். வீட்டம்மாவுக்குத் துளி சந்தேகம் வரல. கம்பளி எடுத்துக்கிட்டீங்களான்னு கேட்டாங்க.

எடுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டேன்.