ஞாயிறுதோறும் ஒரு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்து முடித்ததும் என் மனைவியின் காது மிஷினைத் துடைத்துக் கொடுப்பது என் வழக்கம். ஒரு மெல்லிய துணி, ஒரு சின்ன பிரஷ், தேவைப்பட்டால் புது பேட்டரி. பால்கனியில் உட்கார்ந்து செய்வதால் எதிர்வீடுகளுக்கும் தெரியும். மாடி வீட்டுக்காரர் ஒருமுறை என்னைப் படியில் நிறுத்தி, "உங்களால எங்க வீட்ல எனக்குத் தினமும் திட்டு விழுது சார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

என் தொழிலும் அதுதான் ஐயா. காது மந்தமானவர்களைச் சோதித்து, மிஷின் பொருத்தி, அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அவரவர் காதுக்குத் தக்கபடி சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருடமாக இதே வேலை. என் மனைவி லாரியில் அடிபட்டு இறந்து இன்று ஆறாவது நாள். அந்த டிரைவரை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். லாரியைப் பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று தானாக ஒரு சத்தம் வருமே, அது அடித்தது என்று அவர் சொல்கிறார். நீங்கள் நம்பவில்லை. "மிஷின் போட்டால் அவளுக்கு நன்றாகக் கேட்கும்" என்று உங்களிடம் நான் எழுதிக் கொடுத்திருந்தேன், அதனால் நம்பவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். அவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் படுத்தாள். எழுந்தபோது காதில் பாதி போயிருந்தது. மிஷின் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான் பேசும்போது அவள் வேலையைப் போட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்காருவாள். என் உதட்டையே பார்ப்பாள். ஒரு வார்த்தை பிடிபடாவிட்டால் என் கையைத் தொட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள். அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் பேசுவது ஓடுகிற ஃபேன் சத்தம் மாதிரிதான். கேட்டுக்கொண்டிருப்பதாக அவள் நினைப்பாள், சொல்லிவிட்டதாக நான் நினைப்பேன். கல்யாணமான பதினோரு வருடத்தில் யாரும் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மிஷினை நானே பொருத்தினேன். குழாய் சொட்டுவது கேட்டது என்று சிரித்தாள். உடனே தங்கைக்கு போன் போட்டாள். என் மைத்துனிக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணி வரை நிற்காது. அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். சாப்பாடு மேஜையில் இருக்கிறது என்று எனக்குக் கைஜாடை வரும்.

ஒரு வியாழக்கிழமை. பேத்தியின் குரலை முதல்முறையாகக் கேட்டு ஒரு பெரியவர் என் கடையிலேயே உடைந்து அழுதுவிட்டார். நாள் முழுக்க அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். பாதி சொல்லும்போது போன் அடித்தது. "ஒரு நிமிஷம்ங்க" என்றாள். அந்த நிமிஷம் எட்டு மணிக்கு முடிந்தது. அப்புறம் அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. நான் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மிஷினைத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இணைத்து, சத்தத்தில் ஒரு புள்ளி குறைத்தேன்.

முழுச் சத்தத்தையும் குறைக்கவில்லை. அப்படிச் செய்வது கத்துக்குட்டி வேலை. கீச்சுக் குரல்கள் விழும் பகுதி என்று ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகள் பேசுவது, பெண்களின் சிரிப்பு, போன் மணி எல்லாம் அங்கே வரும். அதை மட்டும் தொட்டேன். ஆண்குரல் விழும் அடிப் பகுதியைத் தொடவில்லை. சமையலில் உப்பைத் தினம் ஒரு சிட்டிகை குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. காதும் அப்படித்தான். எல்லா ஞாயிறும் செய்தேன் என்றும் இல்லை. இரண்டு வருடத்தில் மொத்தம் முப்பத்தொரு புள்ளி.

பள்ளியில் பிள்ளைகள் சொல்வது அவளுக்குப் பிடிபடாமல் போயிற்று. "என்னடா கண்ணா, என்ன சொன்னே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்பாள். பிள்ளைகள்தானே, வாயை மட்டும் அசைத்து விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்து செய்து காட்டினாள். சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். ஒரு மாதம் கழித்து அவளை வகுப்பிலிருந்து எடுத்து ரெஜிஸ்டர் எழுதுகிற அறைக்கு மாற்றினார்கள். அதற்கு அடுத்த மாதம் அவளே நின்றுவிட்டாள். "விடு, நான் இருக்கேன்ல" என்றேன். மறுபடி என் எதிரில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

ரேடியோவின் குரலும் மங்கிக்கொண்டே போயிற்று. ஒரு மணி நேரம் பத்து நிமிஷமாகி, பிறகு வாரம் ஒரு மெசேஜ் ஆனது. "அவளுக்கு என்மேல சலிப்பு வந்துடுச்சாங்க?" என்று மனைவி கேட்டாள். "அவளுக்கும் குடும்பம் இருக்கு இல்ல" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மைத்துனி ஒருநாள் நேராகக் கடைக்கே வந்தாள். "மாமா, வேற எங்கயாச்சும் ஒரு தடவ காட்டிப் பார்ப்போமா?" என்றாள்.

"நரம்பு போயிட்டு இருக்கும்மா. யார் பார்த்தாலும் இதேதான் சொல்லுவாங்க."

அவள் கேட்டதற்காக அக்காவின் சோதனைத் தாளை எடுத்துக் காட்டினேன். உண்மையில் அவள் காதின் அளவு மிஷின் போட்ட நாளில் இருந்த மாதிரியேதான் இருந்தது. தாளில் இருந்த கோட்டை நான்தான் கீழே இறக்கி வரைந்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காவுக்கு நீங்க கிடைச்சீங்களே, அதாச்சும் இருக்கே மாமா" என்றாள்.

மனைவி சமைக்கும்போது பாடுவாள். பெரிய பாட்டுக்காரி ஒன்றும் இல்லை, சுதி அங்கே இங்கே போகும். அதுவும் நின்றது. ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நான் பேசறது எப்படி இருக்கு? கத்தறேனா? எனக்கே என் குரல் சரியா தெரியலைங்க" என்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குறைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறைத்தேன்.

விபத்து நடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். லாரிகள் சரக்கு இறக்குகிற அந்தச் சந்தில் அவளுக்கு என்ன வேலை என்று நீங்களும் கேட்டீர்கள், எனக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய கைப்பையையும் மிஷினையும் என்னிடம் கொடுத்தார்கள். நான் நேராகக் கடைக்குப் போனேன். முதலில் மிஷினைச் சரியான அளவுக்கு வைத்தேன். பிறகுதான் அழுதேன். உங்கள் ஆள் சோதித்தபோது அது நன்றாக வேலை செய்தது அதனால்தான்.

லாரியின் பீப் சத்தம் நான் குறைத்த பகுதியில்தான் விழும். டிரைவர் சொல்வது உண்மை. அது தெரு முழுக்கக் கேட்டிருக்கும், அவளுக்கு மட்டும் கேட்டிருக்காது. அவரை விட்டுவிடுங்கள். என்றைக்கு எத்தனை புள்ளி என்பது என் கம்ப்யூட்டரில் தேதியோடு இருக்கிறது. அழிக்கவில்லை.

ஆனால் டிரைவருக்காக மட்டும் வந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நேற்றுச் சாயங்காலம்தான் அவள் கைப்பையைத் திறந்தேன். மடித்த தாள் ஒன்று இருந்தது. அந்தச் சந்தைத் தாண்டி வேறொரு காது கிளினிக் இருக்கிறது. அங்கே செவ்வாய் காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். அவர்கள் கொடுக்கும் படிவத்தை வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போயிருக்கிறாள். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துப் பழகிய குண்டு குண்டான கையெழுத்து.

'வந்த காரணம்' என்ற இடத்தில் இப்படி இருக்கிறது. "கேட்பது குறைந்துகொண்டே போகிறது. என் கணவரும் இதே தொழில்தான். அவரால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டார். தெரிந்தால் மனம் உடைந்துபோவார் என்று அவரிடம் சொல்லாமல் வந்திருக்கிறேன். குழந்தைகள் பேசுவது மட்டும் மறுபடி கேட்டால் போதும்."

இதோ, அந்தத் தாள். நகல் எடுத்துக்கொண்டு இதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு ஊர் என்ன வேண்டுமானாலும் பேசும், மைத்துனியும் பேசுவாள். அதனால் நான் சொன்னதோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கடைசிவரை அவளுக்கு என்மேல் ஒரு குறையும் இருந்ததில்லை.