என் பெயர் இருந்த வரி

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாசிக்காமல் எதற்கும் கையெழுத்து வைக்காத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, ஐயா. உங்கள் விசாரணைக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தை வாசிப்பேன். மருந்துக் குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து வாசிப்பேன். என் அப்பா பழனியாண்டி, காணிப் படிவம் ஒன்றை வாசிக்காமல் ஒப்பம் வைத்துவிட்டு, அக்கராயன் குளத்தோரக் காணிக்குப் பதிலாகக் கல்லுக்காணியோடு வீட்டுக்கு வந்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்.

கிளிநொச்சியில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முல்லைத்தீவு மீனவர்களின் படகுகளில் பொருத்தும் எச்சரிக்கைப் பெட்டியைச் செய்கிறோம். கடல் குழம்பப் போகிறது என்று மீனவர் சங்கம் கரையிலிருந்து செய்தி அனுப்பினால் பெட்டி கூவும், திரையில் எழுத்து ஓடும். பெட்டியின் இயங்குதளத்துக்கு அடியில் கிடக்கும் கருவைக் கேர்னல் என்போம். அதில் செய்தியை வாங்கும் பகுதி என் பொறுப்பு. யார் அந்த நிரலில் ஒரு வரியை மாற்ற விரும்பினாலும் எனக்கு அனுப்ப வேண்டும். நான் வாசித்துச் சரி என்றால்தான் அது கரையிலுள்ள வானொலிக் கோபுரம் வழியாகப் படகுகளுக்குப் போகும். போக அரை மணித்தியாலம் பிடிக்கும்.

என்னோடு வேலை செய்யும் சஜீவன், தன் பகுதிக்கு வரும் மாற்றங்களை ஒரு கையில் கடித்த றோல்ஸ் வைத்துக்கொண்டே ஒப்புவான்.

“வாசிச்சனியா?”

“மேலால பாத்தனான் மச்சான். அனுப்பினது நல்ல பெடியன்.”

நல்ல பெடியன் என்பதற்காகக் கேர்னலுக்குள் ஆளை விடுகிறவனை நான் ஆறு வருடமாகப் பகிடி பண்ணி வந்திருக்கிறேன்.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஆன்சலா ஒரு மாற்றம் அனுப்பினாள். எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். அண்ணன் றொமேஸ் கடலுக்குப் போகிறவன். நீளமான செய்தி ஒன்று வந்ததும் றொமேஸின் பெட்டி ஒருநாள் செத்துப் போனது. அவள் அதைக் கழற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். மாற்றத்தோடு அவள் எழுதி அனுப்பிய குறிப்பின் முதற் பந்தி அதைத் தெளிவாகவே சொன்னது. வரும் செய்திக்கு நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். செய்தி அதற்குள் கொள்ளுமா என்று யாரும் அளக்கவில்லை. ஆங்கில எழுத்து ஓரிடம் எடுக்கும். தமிழ் எழுத்து மூன்று எடுக்கும், விசிறியோ கொம்போ போன்ற குறி வைத்தால் ஆறு. தமிழ்ச் செய்தி நீண்டால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்தில் இருப்பதன் மேல் எழுதிவிடும், பெட்டி சத்தமில்லாமல் நின்றுவிடும். கொள்ளுமா என்று அளந்து, கூடினால் வெட்டும் சோதனை ஒன்றை அவள் சேர்த்திருந்தாள். பதினொரு வரி நிரல்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிழை ஒன்றைத் திருத்தினால், அந்தப் பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றம் எது, யாருடையது என்று குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அவள் எழுதியிருந்தாள். மாற்றம் நான்கு வருடம் பழையது. எழுதியவர் பிரதீபன். அது நான்தான். அன்று நான் ஆங்கிலத்தில் நான்கு எழுத்து அனுப்பிப் பார்த்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று வீட்டுக்குப் போனேன். தமிழ் மீனவருக்குத் தமிழில் செய்தி வரும் என்பது வன்னியில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை.

மாற்றத்தைத் திருப்பி அனுப்பினேன். குறிப்பின் வரிகள் நீளம் என்றேன். சுருக்கினாள். வாக்கியங்கள் கட்டளையாக இருக்க வேண்டும் என்றேன். மாற்றினாள். பந்திகளின் ஒழுங்கு சரியில்லை என்றேன். ஆறு வாரத்தில் ஒன்பது தடவை. எல்லாவற்றையும் திருத்தினாள், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தாள். சஜீவன் எட்டிப் பார்த்தான்.

“மச்சான், பதினொரு வரிக்கு ஒன்பது தரமோ? கலியாணப் பொருத்தமும் இவ்வளவு பாக்கிறேல்ல.”

தரம் என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு ஆன்சலா ஊரிலிருந்து அழைத்தாள்.

“பிரதீபன் அண்ணா, இரவைக்குக் காத்துக் கூடுமாம். நாலு மணிக்குச் சங்கம் எல்லாப் போட்டுக்கும் தமிழில செய்தி அனுப்பப் போகுது. றொமேஸ் அண்ணா விடியவே தூரத்துக்குப் போயிட்டார், போன் எடுபடேல்ல. அதை ஒருக்கா ஒப்பி விடுங்கோவன்.”

“குறிப்பில அந்த வரி தேவையில்லை, தங்கச்சி. எடுத்துப்போட்டு அனுப்பு. ரெண்டு மணிக்கு முதல் தாறன்.”

“அது உண்மைதானே, அண்ணா.”

“உண்மையெல்லாத்தையும் குறிப்பில எழுதேலாது.”

பிறகு, செய்தியைச் சுருக்கி அனுப்பும்படி சங்கத்திடம் சொல்லட்டோ என்று கேட்டாள். அவசியமில்லை, அதற்குள் திருத்தம் போய்விடும் என்றேன். அவள் என்னை நம்பினாள். நான் சொன்னால் செய்கிறவன் என்று அலுவலகத்தில் பெயர்.

ஒன்று இருபதுக்கு மாற்றம் வந்தது. வரி இல்லை. கீழே எழுதியிருந்தாள்: ‘எடுத்திட்டன். இப்ப சந்தோசமோ?’

உங்களிடமுள்ள பதிவில், ஒன்று இருபத்திரண்டுக்கு நான் அதைத் திறந்ததாக இருக்கும். ஒப்புதல் ஐந்து பத்துக்கு. இடையில் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தேன் என்று விசாரணையின் முதல் நாள் சொன்னேன். அது சரியில்லை. அந்த ‘சந்தோசமோ’வைப் பார்த்தேன். ஒன்பது தரம் பணிந்தவள் கேட்கிற கேள்வியா அது. பின்னேரம் வரை காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் இல்லை. மிகவும் களைத்துப் போயிருந்தேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தன் சந்திக்குப் போய்ப் பிளேன்ரீ குடித்தேன், கடைக்காரரோடு நெல் விலை கதைத்தேன், திரும்பி வந்து கதிரையில் சாய்ந்தேன். இரண்டு தடவை அவளுடைய அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

நான்கு மணிக்குச் செய்தி போனது, பெட்டிகள் சத்தமில்லாமல் நின்றன. கரைக்குக் கிட்ட நின்றவர்களைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார்கள். தூரத்தில் நின்றது றொமேஸின் படகு மட்டும். பெட்டி கூவவில்லை என்றால் கடல் சரி என்று நம்புகிறவன் அவன். நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம். வலையைப் போட்டிருப்பான். நான்காம் நாள் படகு கரையொதுங்கியது. படகு மட்டும்.

செய்தி போன அன்றே, ஐந்து மணி தாண்டி சஜீவன் கதவடியில் வந்து நின்றான். கையில் றோல்ஸ் இல்லை.

“ஆன்சலான்ர அண்ணன்ர பெட்டி நாலு மணியோட செத்துப்போச்சாம். அந்தத் திருத்தம் போகேல்லையோடா?”

கணினியைத் திறந்தேன். ஐயா, அந்த ஒன்பது தடவையும் நான் குறிப்பில் என் பெயர் இருந்த வரி வரைக்கும்தான் வாசித்தேன். அதற்குக் கீழே இருந்த பதினொரு வரிக்கு ஒருநாளும் இறங்கவில்லை. அன்றைக்கும் இறங்கவில்லை. ‘முழுவதும் வாசித்தேன், சரி’ என்று எழுதி, பெயரைப் போட்டு, அழுத்தினேன். நான்கு செக்கன் எடுத்தது.