மஞ்சச் சீட்டு ஒட்டிய இடம்

— இன்னும் சரியா பதினெட்டு மணி நேரம் இருக்கு, டெஸ்ட் டியூப். நாளைக்குப் பத்தரைக்கு நீ கூண்டுல ஏறணும். அதுக்குள்ள கேஸை வாபஸ் வாங்கிடு.

— செருப்போட லேபுக்குள்ள வராதேண்ணா. எத்தனை தடவை சொல்றது?

— அண்ணான்னு இன்னும் வாயில வருதே தங்கச்சி, சந்தோஷம்.

— பழக்கதோஷம்.

— கம்பெனியோட நூறு பங்குல உனக்கு இருபது, எனக்கு இருபது. தன்னோட அறுபதையும் அப்பா சாகறதுக்கு முன்னாடியே எனக்கு மாத்திக் கொடுத்துட்டார். கையெழுத்து இருக்கு, சாட்சி இருக்கு. இதுல உனக்கென்ன வயித்தெரிச்சல்?

— கோர்ட்ல ஒப்பிச்சதையே இங்கயும் ஒப்பிக்கிறியா? சாட்சி யாரு, உன் மச்சான்! அப்பாவுக்கு இருக்கறது நாம ரெண்டு பேர். முறைப்படி ஆளுக்கு முப்பது வந்திருந்தா, என்னைக் கேக்காம இங்கேருந்து ஒரு சாயப் பீப்பாயை நகர்த்தியிருப்பியா நீ?

— நல்ல விலைக்கு விக்கிறேன். உன் இருபதுக்கும் பணம் வரும்ல?

— கீழே முப்பத்தொரு பேர் வேலை பாக்கறாங்க. வாங்கறவனுக்கு வேண்டியது இந்த இடம். மிஷினைப் பிரிச்சு எடைக்குப் போடப் போறான். இதுக்கு அப்பா கையெழுத்துப் போட்டாராம்! சொல்லக் கூசலையா உனக்கு?

— போட்டிருக்காரே. சாய லோடோட அப்பா பேர்ல அனுப்பின மூணு வருஷத் தரச் சான்றிதழ் அத்தனையோடயும் வச்சுப் பாத்தாச்சு. சுழி மாறாம ஒத்துப்போகுது.

— அது அப்பா போட்டது இல்ல. உனக்கே தெரியும்.

— வேற யார் போட்டா? சொல்லேன். நாளைக்கு என் வக்கீல் அதைத்தான் கேக்கப் போறார்.

— அப்பாவால டம்ளரைக்கூட ஒரு கையால பிடிக்க முடியல. கை நடுக்கம் வெளியில தெரிஞ்சா ஆர்டர் போயிடும்னு பயந்தார். வீட்டுக்குள்ளயே மூடி வச்சோம்.

— இப்பவும் மூடியே இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— என் நல்லதா? அன்னைக்கு லாரி வாசல்ல நிக்குது. எனக்கு அடுப்புல சாம்பிள் கொதிக்குது. சான்றிதழ் கட்டை நீயே தூக்கிட்டு வந்து இந்த மேசையில வச்சே. என்னைக்கும் இல்லாத அக்கறையா, ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்துப் போடற இடத்துல மஞ்சச் சீட்டு ஒட்டி வேற. சீக்கிரம் சீக்கிரம்னு பறந்தே.

— ஏய், மெதுவா! கீழே கேக்கும்.

— கேக்கட்டும்.

— மூணு வருஷச் சான்றிதழும் செல்லாமப் போயிடும். உன் வேலை போயிடும். கேஸ் உன் மேலயே திரும்பும். யோசிச்சியா?

— கோர்ட்ல அந்தப் பங்குத் தாளைப் பாத்ததுலேருந்து நாப்பத்தொரு நாளா வேற எதையும் யோசிக்கல. இவ வாயைத் திறக்க மாட்டான்னு நம்பித்தானே அந்தத் தாளைக் கட்டுக்கு நடுவுல சொருகினே? நாளைக்குத் திறக்கறேன்.

— என்னன்னு சொல்லுவே?

— அப்பா கையெழுத்தை மூணு வருஷமா போட்டது நான். அந்தப் பங்குத் தாள்லயும் நான்தான் போட்டேன்.