நல்லம், அன்ரி

— அப்ப முதலாவதை இன்னொருக்கா வாசியும் பிள்ளை. ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி ஓடாதையும்.

— "வொலன்ரியரா வாறதுக்கு முதல் உங்களிட்ட எவ்வளவு நேரம் இருக்கெண்டு உண்மையா யோசிச்சுப் பாருங்கோ. கிழமைக்கு ஒரு மணித்தியாலம்தான் ஏலுமெண்டா ஒண்டெண்டே சொல்லுங்கோ." ஓகேயா அருள்மலர் அன்ரி?

— நல்லாயிருக்கு. உந்தத் தமிழ் ஆற்ற?

— நான் இங்கிலீஷில எழுதினன். அம்மா தமிழில சொல்லச் சொல்ல இங்கிலீஷ் எழுத்தில எழுதி வச்சிருக்கிறன். சனிக்கிழமை நான் பேசேக்க ஹைஸ்கூல் பிள்ளைகள் இருபது பேர் வருவினமாம். நாப்பது மணித்தியாலம் வொலன்ரியர் செய்தாத்தானே அவைக்குப் பள்ளிக்கூடம் முடிச்ச டிப்ளோமா. பேரன்ட்ஸும் வருவினம், அதான் தமிழிலயும் சொல்லவேணும்.

— ஏன் உம்மைப் பிடிச்சவை?

— வொலன்ரியர் ஒஃபிஸில லக்‌ஷன் அண்ணா சொன்னவர், ஒரு வருஷமா ஒரு செவ்வாய்க்கிழமையும் விடாமல் வயசானவையோட கதைக்கக் கோல் எடுத்தது நான் மட்டும்தானாம்.

— அது மெய். நாலு மணியெண்டால் இந்தப் போன் அடிக்கும். நிசாந்தன் என்ர வயித்தில பிறந்தவன், இதே வீட்டில மேல இருக்கிறான். கிழமை முழுக்கச் சேத்தாலும் உம்மளவு என்னோட கதைக்கமாட்டான், கேட்டீரே. சரி, ரண்டாவதை வாசியும்.

— "வரேலாட்டி முதல் நாளே சொல்லுங்கோ. அவை உங்களைப் பாத்துக்கொண்டிருப்பினம்."

— அதோட இதையும் சேரும். பஸ் பிந்திப்போச்சுதெண்டு பொய் சொல்லவேண்டாம். உமக்கு முந்தி எனக்குக் கோல் எடுத்த பெடியன் அதைத்தான் சொல்லுறவன். வீட்டில இருந்து போனில கதைக்கிறவனுக்கு என்னத்துக்கு பஸ்?

— சரி, எழுதுறன்.

— படம் எடுக்கிறதுக்கெண்டு வரவேண்டாம் எண்டும் போடும். நத்தாருக்கு ஒரு கூட்டம் வந்து என்ர கையில கேக் துண்டொண்டைத் தந்து, சுத்தி நிண்டு படம் எடுத்துக்கொண்டு போனவை. என்ர பேர் என்னெண்டும் ஒருத்தரும் கேக்கேல்லை. கேக் நல்ல கேக்தான், அது வேற கதை. மூண்டாவது?

— மூண்டாவதை விடுவம் அன்ரி.

— ஏன், அம்மாவுக்குத் தமிழ் முடிஞ்சுபோச்சோ?

— "கேளுங்கோ. நீங்கள் கதைக்கிறது வேலையில்லை. அவை கதைக்கிறதைக் கேக்கிறதுதான் வேலை."

— இதையல்லோ முதலாவதாப் போட்டிருக்கவேணும்.

— என்னால இதை மைக்கில நிண்டு சொல்லேலாது அன்ரி. சனிக்கிழமை வரேல்லை எண்டு லக்‌ஷன் அண்ணாவுக்குச் சொல்லப்போறன். அதுக்கு முதல் உங்களுக்கு உண்மையைச் சொல்லவேணும்.

— என்ன பிள்ளை உண்மை?

— நீங்கள் இப்ப கதைக்கிற மாதிரி மெதுவாக் கதைச்சா எனக்கு விளங்கும். ஆனா உங்கட பாட்டில கதைக்கத் தொடங்கினா, லைக், பாதிக்கு மேல விளங்குறேல்லை. ஃபோர்மில தமிழ் நல்லாத் தெரியுமெண்டு போட்டனான். பிறகு தெரியாதெண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. அதால எல்லாத்துக்கும் ஓம் எண்டும் நல்லம் எண்டும் சொல்லிக்கொண்டிருந்தனான். ஒரு வருஷமா. நீங்கள் அழுதிருக்கிறீங்கள், அதுக்கும் நான் 'நல்லம், அன்ரி' எண்டு சொல்லியிருக்கிறன். நினைக்க நினைக்க எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை.

— எனக்குத் தெரியும் பிள்ளை.

— என்ன தெரியும்?

— உமக்கு விளங்குறேல்லை எண்டு. மே மாசமே தெரியும். ஒருநாள் வேணுமெண்டே சொல்லிப் பாத்தனான். எங்கட வீட்டுக் கூரையில ஆனையொண்டு ஏறி நிக்குது, நிசாந்தன் ஏணி வாங்கப் போயிட்டான் எண்டு. நீர் என்ன சொன்னனீர் தெரியுமே?

— நல்லம், அன்ரி.

— "நல்லம், அன்ரி, மருந்து எடுத்தனீங்களோ?" எண்டு. அண்டைக்கு முழுக்கத் தனிய இருந்து சிரிச்சனான்.

— அப்ப ஏன் லக்‌ஷன் அண்ணாவுக்குச் சொல்லேல்லை? நல்லாத் தமிழ் தெரிஞ்ச ஆளைத் தந்திருப்பார்.

— நல்லாத் தமிழ் தெரிஞ்ச ஆள் எனக்கு என்னத்துக்கு? அவையிட்ட ஒண்டைச் சொன்னால் நான் போனை வைக்கமுதல் அது அஜின்கோர்ட்டில இருக்கிற தமிழ்க் கடையளுக்கெல்லாம் போயிடும். பாவங்களைச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்தில சுவாமியாருக்கும் நான் பாதிதான் சொல்லுறனான், அவருக்கு என்ர குரல் தெரியும். உம்மிட்டத்தான் பிள்ளை முழுசாச் சொன்னனான். உமக்கு விளங்காது எண்ட துணிவிலதான். சொல்லி முடிய நீர் நல்லம் எண்டுவீர். அது கேட்டால் எனக்கு அண்டைக்கு நித்திரை வரும்.

— அன்ரி...

— அதால வெக்கப்படாமல் சனிக்கிழமை போம். நாலாவது என்ன போட்டிருக்கு?

— அது லக்‌ஷன் அண்ணா தந்தது. "அவை சொன்னது உங்களோட இருக்கவேணும். வீட்டிலயும் சொல்லக்கூடாது."

— பாத்தீரே, உதை உம்மைவிட ஆர் நல்லாச் செய்திருக்கினம்? விளங்கினால்தானே சொல்லுறதுக்கு. நிலக்சி? லைன் கட்டாப் போச்சோ?

— இல்லை அன்ரி. நிக்கிறன்.

— ஏன் பிள்ளை அழுறீர்?

— ரண்டு கிழமைக்கு முந்தி நீங்கள் கனநேரம் கதைச்சீங்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குப் பயமாப் போச்சு. ஹெல்ப் கேக்கிறீங்களோ என்னவோ, நான் நல்லம் நல்லம் எண்டுகொண்டு நிக்கிறன். அதால ஸ்பீக்கரில போட்டனான்.

— அதெண்டால்?

— பக்கத்தில நிக்கிற ஆளுக்கும் கேக்கும். அம்மா குசினியில நிண்டவ. கூப்பிட்டுக் கேக்க விட்டனான். பிறகு அவ எனக்கு இங்கிலீஷில சொன்னவ.

— அண்டைக்கு நான் என்ன சொன்னனான்?

— வேண்டாம் அன்ரி.

— நான் என்ன சொன்னனான் எண்டு கேக்கிறன்.

— இரவில உங்களுக்குத் தெரியாமலே... படுக்கை நனைஞ்சுபோகுதெண்டு. அவை ரண்டு பேரும் வேலைக்குப் போனாப்பிறகு பெட்சீட்டைக் கழுவிக் காயவைக்கிறீங்கள் எண்டு. மருமகளுக்குத் தெரிஞ்சா வயசானவையின்ர ஹோமில கொண்டுபோய் விட்டிடுவினம் எண்டு பயமாம். பிறகு, ஆற்றயும் வீட்டில இருந்து எழும்பினாலும், நனைஞ்சுதோ எண்டு இருந்த இடத்தைத் திரும்பிப் பாக்கிறீங்களாம்.

— காணும்.

— அதுக்கும் நான் நல்லம் எண்டனான்.

— நீர் நல்லம் எண்டதில எனக்கொரு குறையும் இல்லை. உம்மட அம்மா ஆருக்குச் சொன்னவ?

— ஆருக்கும் சொல்லேல்லை. சத்தியமா. உங்கட வீட்டுக்கும் சொல்லேல்லை. அவ அழுதவ அன்ரி. இந்தக் குரல் எனக்குத் தெரியும், எங்கட கோயிலுக்குப் பூசைக்கு வாறவ எண்டு சொன்னவ. பாவம், ஆருக்கும் தெரியாமல் ஏதும் உதவி செய்யவேணும் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவ.

— ஆர் உம்மட அம்மா?

— றெஜினா. பாட்டுக்குழுவில பாடுறவ. உயரமா, கண்ணாடி போட்டிருப்பா. அன்ரி? சொறி அன்ரி. ஏசுங்கோ. ஏதாவது சொல்லுங்கோ.

— போன ஞாயிறு பூசையில நான் வாங்குப் பலகையில இருக்கப் போக, பாட்டுக்குழுவில இருந்து கண்ணாடி போட்ட பிள்ளையொண்டு இறங்கி வந்தவ. அவ்வளவு சனமும் பாத்துக்கொண்டு நிக்க, நான் இருக்கிற இடத்தில ஒரு தடிச்ச துவாயை நாலா மடிச்சு விரிச்சுப்போட்டு, "இப்ப இருங்கோ அன்ரி" எண்டு சிரிச்சவ. வாங்கு குளிருமெண்டாக்கும் எண்டு நினைச்சு, நான் அவவின்ர ரண்டு கையையும் பிடிச்சு நன்றி சொன்னனான்.