மைபிரிட்டை வழியனுப்புகிறோம்

ஓர் உலகப் பெருஞ்செய்தியோடு தொடங்குகிறேன். பனித்தளத்தில் கல்லை வழுக்கி விளையாடும் நமது கர்லிங் மன்றத்தின் காபி இயந்திரம், மூன்று வார மௌனத்தைக் கலைத்து, இன்று காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு இருமியது. அனைவரும் அமரலாம்.

தலைமையேற்றிருக்கும் பனித்தளப் பேரரசர் பிரேபன் அவர்களே, முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோரே, தாய்மார்களே, குறிப்பாக "சீக்கிரம் முடி" என்று சைகை காட்டும் என் தாயே, வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? கேக் தின்னவா? அங்கே ஒருவர் "ஆமா" என்கிறார். உண்மை விளம்பிக்கு நன்றி. கல்லைக் கனவாக்கிய கைக்கு, இருபத்தாறு ஆண்டுகள் பனியே பணியாய் வாழ்ந்த மைபிரிட்டுக்கு, விடை கொடுக்கக் கூடியிருக்கிறோம்.

உலகத்தார் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். நாமோ அதை ஏந்திக் கல்லுக்கு முன்னால் ஓடுகிறோம். பனியைத் தேய்க்கத் தேய்க்கக் கல் நீண்டு போய்த் தூரத்து வட்டத்தில் உறங்குகிறது. ஆனால் மைபிரிட் விடும் கல் ஓடுவதில்லை, மிதக்கிறது. மேகத்துக்குள் நழுவும் நிலவைப்போல, மெல்ல, மெல்லத் திரும்பி, தனக்குத்தானே எதையோ முனகிக்கொண்டு... அதைப் பார்த்தபடியே பலமுறை என் முறையை மறந்திருக்கிறேன். பயிற்சியாளர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்.

நான் பிறந்த ஆண்டு. உலகப் போட்டிக்குப் போகும் டென்மார்க் பெண்கள் அணி எது என்று தீர்மானிக்கும் ஆட்டம். கடைசிக் கல் வட்டத்துக்குள் வந்து நின்றது. வெற்றி! அரங்கமே எழுந்தபோது மைபிரிட் கையைத் தூக்கினார். "என் துடைப்பம் பட்டுடுச்சு. அந்தக் கல்லை எடுத்துடுங்க." ஓடும் கல்லில் பட்டால் பட்டவரே சொல்லவேண்டும், அதுதானே நம் ஆட்டம். நடுவர் பார்த்தாரா? இல்லை. எதிரணி பார்த்ததா? இல்லை. "ஏன்டி சொன்ன?" என்று தோழி அழுதாராம். "சொல்லாம விமானம் ஏறினா, ஜன்னல் ஓரம் கிடைச்சும் தூக்கம் வராதுடி."

கல் போனது, வெற்றியும் போனது. அதன்பின் ஒன்பது முறை முயன்றும் உலகப் போட்டியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. சென்ற மாதம் இதே அறையில் சொன்னார்: "நம்ம பசங்களோட ஒரு ஆட்டம். ஜெயிச்சா கடைசியா ஒரு தடவை உலகப் போட்டித் தேர்வுக்குப் போறேன். தோத்தா, இதோட நிறுத்திக்கறேன்."

நேற்று தோற்றார். ஒரே ஒரு புள்ளி. சோர்ந்து நிற்கவிருந்த எங்கள் கடைசிக் கல்லைத் தேய்த்துத் தேய்த்து வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுசேர்த்த தோள்கள் யாருடையவை? கையா அது, காற்றாடியா? அடியேன்தான். கைதட்டலாம். "போதும்டா தோபியாஸ்" என்கிறார் பிரேபன். பொறாமை வேண்டாம், தலைவரே.

வென்றவர் தோற்றவருக்குப் பானம் வாங்கித் தரும் வழக்கப்படி மைபிரிட்டுக்குக் கோகோ வாங்கிக் கொடுத்தேன். "அருமையா தேய்ச்சடா," என்றார். "உன்கிட்ட தோத்து நிறுத்தறதுல எனக்கு வருத்தமே இல்ல." கோப்பையின் ஆவிக்குப் பின்னால் அவர் முகம், மூடுபனியில் தெரியும் கரையைப்போல் மங்கலாக இருந்தது.

ஆகவே பெரியோர்களே... இந்தச் சீட்டில் அடுத்து "என் வீரம், இரண்டு நிமிடம்" என்று எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிடுகிறேன்.

பட்டுவிட்டது. வட்டத்துக்கு ஓரடி முன்னால், என் துடைப்பத்தின் விளிம்பு, கல்லில், லேசாக. யாரும் பார்க்கவில்லை. நேற்றே சொல்லியிருக்கவேண்டும், எல்லோரும் தோளில் தட்டினார்கள், சுகமாக இருந்தது. அந்தக் கல்லை எடுத்துவிட்டால் நடுவுக்கு அருகில் இருப்பது மைபிரிட்டின் கல். ஆட்டம் அவருடையது.

கைதட்டியவர்கள் தட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. தேர்வு பன்னிரண்டாம் தேதி, மைபிரிட். வணக்கம்.