கண்ணை மூடு, மூன்று மூச்சு

எங்கள் ஃபாக்டரி கேன்டீனில் பழம்பொரி நன்றாக இருக்கும் சார். விசாரணையைத் தொடங்கும் முன் சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் ரப்பர். நான் சொல்லப்போவது ஆறினாலும் பரவாயில்லை.

என் பெயர் பொன்ராஜ். ஏலப்பாறைக்கு மேலே இந்தத் தேயிலை ஃபாக்டரியில் வெல்ஃபேர் ஆபீசர். சின்ன வயதில் என்னையும் ‘பாண்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கம் தமிழனை மட்டம் தட்டக் கூப்பிடும் சொல். கூப்பிட்டவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்தே ஸ்டூலிலிருந்து சுழலும் நாற்காலிக்கு வந்தேன். ஓணத்துக்கு மேடையேறி மிமிக்ரியும் செய்வேன். சூப்பர்வைசர் ரிஜோ குரலுக்குத்தான் கைதட்டு அதிகம்.

இலையை நசுக்கும் உருளை மெஷினில் வேலை பார்த்த மோனிஷா மட்டும் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்தாள். மூன்று முறை.

“அண்ணே, அந்த ரிஜோ ஒரு நாளுகூட எம்பேரச் சொல்லல. மத்த பிள்ளைகளுக்கு ஷிப்ட் மாத்திக் குடுக்காரு. எனக்கு மட்டும் பாண்டிக்கு மெஷினு போதும்ங்காரு. லெட்டர மேல அனுப்புனீங்களா, இல்லியா?”

அனுப்பவில்லை. புகாரே வராத ஃபாக்டரி என்று தலைமை அலுவலகம் கொடுத்த கேடயம் என் மேசையில் இருந்தது. கடிதங்களை ‘மனநலம்’ என்ற ஃபைலில் வைத்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. எனக்கு இளகிய மனசு.

அப்போதுதான் கொச்சியில் இரண்டு நாள் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி முடித்து வந்திருந்தேன். அதில் மதியச் சாப்பாடு போக மிச்சம் நினைவிருந்ததை அவளுக்குச் சொன்னேன்.

“அவன் கூப்பிட்டா கோவப்படாத. கண்ண மூடு, மூணு மூச்சு. அந்தச் சொல்லு மேகம் மாதிரி கடந்து போயிரும்.”

“மேகம் போயிரும்ணே. அவரு அங்கனயேதான நிப்பாரு?”

நல்ல கேள்வி. கொச்சியில் யாரும் கேட்கவில்லை.

தினமும் காலைச் சங்கு ஊதியதும் பத்து நிமிடம் உட்காரவைத்தேன். பயிற்சிக்காக நானே ரிஜோ குரலில் கூப்பிடுவேன். முதல் வாரம் முறைத்தாள். இரண்டாம் வாரம் அழுதாள். மூன்றாம் வாரம் கேட்ட மாத்திரத்தில் கண் தானாக மூடியது. நாய்க்குட்டி கை கொடுக்கக் கற்றுக்கொண்டால் ஒரு சந்தோஷம் வருமே, அது வந்தது.

பதினேழாம் தேதி காலை பத்து மணி. உருளையில் இலை அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் ரிஜோ கத்துவான் என்று எல்லோரும் ஓடும்போதே கையால் இழுப்பார்கள். கண் மட்டும் உருளையைவிட்டு அகலாது. அவளும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“எடீ பாண்டீ!”

கண்ணை மூடினாள். ஒரு மூச்சு இழுத்தாள். இரண்டாவதற்குள் உருளை கையை இழுத்துவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மிச்சம்.

கேட்டது ரிஜோவின் குரல் என்று பத்துப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவன் அப்போது மாடியில் இலை வாடப்போடும் இடத்தில் இருந்தான். யாரும் நம்பவில்லை. இத்தனை நாள் கூப்பிட்டது அவன்தானே. இன்று சஸ்பென்ஷனில் இருக்கிறான்.

அன்று கூப்பிட்டது நான். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சியைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். வேலை நேரத்திலும் பலிக்கிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் வேடிக்கையும்தான். பலித்தது.

செய்யாததற்கு ரிஜோ தண்டனை வாங்குவதை என் மனசு தாங்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன். அவன் செய்ததெல்லாம் ‘மனநலம்’ ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.

நேற்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். “மோனிஷா” என்று என் சொந்தக் குரலில்தான் கூப்பிட்டேன். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

கை போன பிறகும் பயிற்சியை விடவில்லை சார், அந்தப் பிள்ளை.